நீரிழிவும் இரண்டு இலைகளும்

நோய்களுக்கு வரலாறு உண்டு. அவற்றைத் தீர்க்க மனிதன் தேடிய மருந்துகளுக்கும் வரலாறு உண்டு. அரசர்களின் வரலாற்றையும் போர்களின் வரலாற்றையும் பாடசாலையிலே படித்த நாம், நம் வேலியிலே படர்ந்து நிற்கும் கொடியொன்றின் வரலாற்றைப் படித்ததில்லை. அக்கொடியின் பெயர் சிறுகுறிஞ்சா. அதன் இலையை நீரிழிவுக்கு மருந்தென நம் முன்னோர் கொண்டனர். அதே நோய்க்கு ஐரோப்பியரும் தம் வயலோரத்திலே வளர்ந்த ஒரு செடியைக் கொண்டு மருந்து கண்டனர். இரண்டும் எளிய தாவரங்களே. இரண்டும் பழைய மருத்துவத்திலே இடம்பெற்றவையே. ஆயினும் ஒன்றன் வழியாகப் பிறந்த குளிகையை இன்று உலகமெங்கும் கோடிக்கணக்கானோர் நாள்தோறும் விழுங்குகின்றனர். மற்றையதோ இன்னும் சூரணமாகவும் வறையாகவும் நம் அடுக்களையிலேயே நிற்கின்றது. இது ஏன் நிகழ்ந்தது? இவ்வினாவுக்கு விடை காண முயல்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இது வெறும் புலமை விளையாட்டன்று. 2005, 2006 ஆம் ஆண்டுகளிலே இலங்கையில் நடத்தப்பெற்ற பெரிய ஆய்வொன்று, வளர்ந்தோரில் ஏறக்குறையப் பத்திலொருவருக்கு நீரிழிவு உண்டெனக் கண்டது. நோயின் வாசலிலே நிற்போரையும் சேர்த்துப் பார்த்தால் ஐவரில் ஒருவர் என்ற கணக்கு வந்தது. ஏழு மாகாணங்களிலே எடுத்த கணக்கு இது. போர்க்காலமாதலால் வடக்கும் கிழக்கும் அதிலே சேரவில்லை. சலரோகம் என்று நம்மூர்ப் பெரியோர் அழைக்கும் இந்நோய் இன்று எந்த ஒழுங்கையிலும் இல்லாமலில்லை. இலைச்சாற்றை நம்பிக் குளிகையைக் கைவிட்டுக் காலை இழந்தவரையும் யாம் அறிவோம். குளிகையை மட்டும் நம்பி, வாயைக் கட்டாது, நாளுக்கு ஐந்து தடவை சீனித் தேநீர் பருகுபவரையும் அறிவோம். இவ்விருவருக்கும் இடையிலே உண்மை எங்கே கிடக்கின்றது என்பதை வரலாறு ஓரளவு காட்டக்கூடும்.

நோயின் பழமை

நீரிழிவு புதிய நோயன்று. சிறுநீர் இனிப்பதையும், அதனை நாடி எறும்புகள் மொய்ப்பதையும் பாரத நாட்டின் பண்டை மருத்துவர் கண்டிருந்தனர். சரகர், சுசுருதர் ஆகியோர் பெயரால் வழங்கும் நூல்கள் இந்நோயாளரை இரு வகையாகப் பிரித்தன. ஒரு சாரார் மெலிந்தவர். நோய் அவருக்குப் பிறவியோடு வந்தது. மற்றச் சாரார் பருத்தவர். மிகையூணாலும் சோம்பலாலும் நோயை வரவழைத்துக் கொண்டவர். மெலிந்தவர்க்கு ஊட்டமும், பருத்தவர்க்குப் பட்டினியும் உடலுழைப்பும் வேண்டும் என்று அந்நூல்கள் விதித்தன. இன்றைய மருத்துவம் முதலாம் வகை, இரண்டாம் வகை என்று பிரிப்பதற்கும் இப்பழைய பிரிவுக்கும் உள்ள ஒற்றுமை வியக்கத்தக்கது. உடற்பருமனும் நீரிழிவும் உறவினர் என்னும் உண்மை நேற்றுக் கண்டறிந்ததன்று.

மேனாட்டிலே நோயாளியின் சிறுநீரில் இருப்பது சீனியே என்பதை ஆங்கில மருத்துவர் மத்தியூ டொப்சன் 1776 ஆம் ஆண்டிலே சோதனையாற் காட்டினார். எறும்பைக் கண்டவர் கீழ்நாட்டவர். சிறுநீரை வற்றக் காய்ச்சிச் சீனியை எடுத்துக் காட்டியவர் மேனாட்டவர். காண்பது வேறு, பிரித்தெடுத்து நிறுத்துப் பார்ப்பது வேறு. இவ்வேறுபாட்டை நாம் மனத்திலே வைத்துக்கொண்டு மேலே செல்வோமாக.

நம் யாழ்ப்பாணத்திலும் மருத்துவம் நூலாக வளர்ந்தது. அரசர் காலத்தனவாக வழங்கும் செகராசசேகரம், பரராசசேகரம் என்னும் வைத்திய நூல்கள் அதற்குச் சான்று. ஏட்டிலே கிடந்த பரராசசேகரத்தை ஏழாலை பொன்னையாபிள்ளை அவர்கள் இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியிலே தேடித் தொகுத்துப் பல பாகங்களாக அச்சிட்டிராவிடின், அதிற் பெரும்பகுதி செல்லுக்கும் கறையானுக்கும் இரையாகியிருக்கும். ஒரு தனி மனிதர் தம் வாழ்நாளைச் செலவிட்டுச் செய்த அப்பணியை வாலிபர்கள் நினைவிற் கொள்ளல் வேண்டும்.

ஐரோப்பியரின் செடி

இனி மேனாட்டுச் செடியைப் பார்ப்போம். அதன் தாவரப் பெயர் கலேகா ஒபிசினாலிசு. அவரைக் குடும்பத்தைச் சேர்ந்தது. ஊதாவும் வெண்மையும் கலந்த பூக்களை உடையது. தென் ஐரோப்பாவிலும் மேற்காசியாவிலும் இயல்பாக வளர்வது. கிரேக்க மொழியிலே பாலைக் குறிக்கும் சொல்லிலிருந்து அதன் பெயர் வந்ததென்பர். ஆட்டுக்கும் மாட்டுக்கும் பாலைப் பெருக்கும் என்று குடியானவர் நம்பினர். காய்ச்சலுக்கும், குடற்புழுவுக்கும், கொள்ளை நோய்க்கும் கூட அதனை மருந்தாக்கினர். எல்லா நோய்க்கும் ஒரே மருந்து என்னும் பழைய மூலிகை நூலாரின் பழக்கம் எந்நாட்டிற்கும் பொதுவானதே.

ஆயின் அச்செடி சாதுவானதன்று. 1891 ஆம் ஆண்டிலே அமெரிக்காவின் யூட்டா மாநிலத்திலே தீவனப் பயிராக அதனைக் கொண்டுவந்து பயிரிட்டனர். கால்நடைகள் அதனை விரும்பி உண்ணவில்லை. உண்டவற்றுக்கு அது நஞ்சாயிற்று. பயிர் களையாகிப் பரவியது. மருந்துக்கும் நஞ்சுக்கும் இடையிலுள்ள வேலி அளவு ஒன்றுதான் என்பதை அச்செடி எடுத்துக் காட்டியது.

1914 ஆம் ஆண்டிலே பிரெஞ்சு நாட்டுத் தன்ரே என்பவர் அச்செடியிலிருந்து கலேகின் என்னும் பொருளைப் பிரித்தெடுத்தார். அது குவானிடீன் என்னும் இரசாயனத்தின் உறவுப் பொருள். 1918 ஆம் ஆண்டிலே, குவானிடீன் விலங்குகளின் இரத்தச் சீனியைக் குறைப்பதை வேறோர் ஆராய்ச்சியின் போது கண்டனர். ஆனாற் குவானிடீன் கொடிய நஞ்சு. எனவே, நஞ்சு குறைந்த உறவுப் பொருளைத் தேடும் வேட்டை தொடங்கியது. கலேகினையே நோயாளருக்குக் கொடுத்துப் பார்த்தனர். சிந்தலின் என்னும் மருந்தை ஆக்கினர். சிந்தலின் சீனியைக் குறைத்தது; கூடவே ஈரலையும் கெடுத்தது. ஆகவே அது கைவிடப்பட்டது.

இவ்விடத்திலே ஒரு விந்தை. 1922 ஆம் ஆண்டிலே அயர்லாந்தின் டப்ளின் நகரத்தில் வேர்ணர், பெல் என்னும் இரசாயன அறிஞர் இருவர், நோயை எண்ணாது, இரசாயன ஆர்வத்தால் மட்டும் ஒரு புதிய பொருளை ஆக்கினர். அதுவே பின்னர் மெற்போமின் எனப் பெயர் பெற்றது. அதே 1922 ஆம் ஆண்டு சனவரி மாதத்திலேதான் கனடா தேசத்து ரொறன்ரோ நகரத்தில் இன்சுலின் முதன்முதலாக ஒரு சிறுவனுக்கு ஊசிமூலம் ஏற்றப்பட்டது. இன்சுலினின் பேரொளியிலே மற்றவை யாவும் மங்கின. 1929 ஆம் ஆண்டிலே மெற்போமின் முயல்களின் இரத்தச் சீனியைக் குறைப்பதை ஜேர்மன் அறிஞர் கண்டு எழுதினர். எனினும் அதனைக் கவனிப்பாரில்லை. இருபத்தெட்டு ஆண்டுகள் அம்மருந்து நூலக அடுக்கிலே உறங்கிற்று.

அதனை எழுப்பியவர் பிரெஞ்சு மருத்துவர் சீன் ஸ்ரேண். அவர் பயிற்சி மருத்துவராயிருந்த இளமைக் காலத்திலே பாரிசு நகரத்து ஆஸ்பத்திரியிற் கலேகினோடு பழகியவர். பிலிப்பைன் தீவிலே கார்சியா என்னும் மருத்துவர் இதனைச் சளிக்காய்ச்சலுக்குக் கொடுத்தபோது சிலருக்கு இரத்தச் சீனி குறைந்ததென எழுதிய குறிப்பு பின்னர் ஸ்ரேணின் கண்ணிற் பட்டது. அவர் நோயாளருக்குக் கொடுத்துச் சோதித்து 1957 ஆம் ஆண்டிலே முடிவை வெளியிட்டார். அம்மருந்துக்குச் சீனியை உண்பது என்னும் பொருள்படக் குளூக்கோபாச் என்று பெயரிட்டனர். அடுத்த ஆண்டு பிரித்தானியாவிலும் அது புழக்கத்துக்கு வந்தது.

அப்பொழுதும் ஐயம் தீரவில்லை. மெற்போமினின் உடன்பிறப்பாகிய பென்போமின், இரத்தத்திலே அமிலத்தைப் பெருக்கிச் சிலரின் உயிரைக் குடித்தமையால், 1977 ஆம் ஆண்டிலே அமெரிக்காவில் நீக்கப்பட்டது. அவ்வச்சம் மெற்போமினையும் தொட்டது. அமெரிக்க அரசு அதற்கு இசைவு அளித்தது 1994 ஆம் ஆண்டிலேயே. 1998 ஆம் ஆண்டிலே பிரித்தானியாவின் பேராய்வு ஒன்றின் முடிவு வெளிவந்தது. உடல் பருத்த நீரிழிவாளரில் 342 பேருக்கு மெற்போமினும் 411 பேருக்குப் பெரும்பாலும் உணவுக்கட்டுப்பாடும் என்று பிரித்துப் பத்தாண்டுக்கு மேற் கவனித்தனர். மெற்போமின் பெற்றோரிடையே மரணம் நூற்றுக்கு முப்பத்தாறு பங்கு குறைந்திருந்தது. அதன் பின்னரே ஐயம் அகன்றது. இன்று உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலிலும் அது இடம்பெற்றுள்ளது.

ஒன்றைத் தெளிவுபடுத்தல் வேண்டும். மெற்போமின் அச்செடியைப் பிழிந்தெடுத்த சாறு அன்று. செடி வழியைக் காட்டியது. வழியிலே நடந்தவர் மனிதர். 1914 முதல் 1998 வரை எண்பத்து நான்கு ஆண்டுகள் நடந்தனர். நடந்த வழியிலே இரண்டு மருந்துகளைத் தூக்கியெறிந்தனர்.

நம் கொடி

இனி நம் வேலிக்கு வருவோம். சிறுகுறிஞ்சா, பாரதத்திலும் இலங்கையிலும் வறண்ட காடுகளிலே இயல்பாகப் படரும் கொடி. தாவர நூலார் அதனைச் சிம்னீமா சில்வெசுத்திரே என்பர். தமிழ்நாட்டிலே சர்க்கரைக்கொல்லி என்றும் வழங்கும். வடநாட்டார் அதனைக் குட்மார் என்பர். அதன் பொருளும் சர்க்கரையை அழிப்பது என்பதே. சிங்கள மக்கள் மஸ்பெத்த என அழைத்து அதனை மருந்தாகப் போற்றுகின்றனர். மொழி வேறாயினும் அறிவு ஒன்றாயிருப்பதைக் காண்கின்றோம்.

அதன் இலையொன்றை மென்று துப்பிவிட்டுச் சீனியை வாயிலிட்டால், சீனி மணல் போலிருக்கும். உப்பும் புளிப்பும் தெரியும். இனிப்பு மட்டும் தெரியாது. அரைமணி நேரமோ அதற்கு மேலோ அந்நிலை நீடிக்கும். சிறுபிள்ளைகளும் விளையாட்டாகச் செய்து பார்க்கும் இச்சோதனையை, வட இந்தியாவிலிருந்த எட்ஜ்வேர்த் என்னும் ஆங்கிலேயர் கண்டு வியந்த செய்தி 1847 ஆம் ஆண்டிலே இலண்டன் அறிஞரிடையே எட்டியது.

1887 ஆம் ஆண்டிலே டேவிட் ஹூப்பர் என்பவர் அவ்விலையை இரசாயன முறையிலே ஆராய்ந்தார். அவர் உதகமண்டலத்திலே அரசாங்கக் கொயினா ஆராய்ச்சியாளராகப் பணிபுரிந்தவர்; மலேரியாக் காய்ச்சலுக்குரிய கொயினாவை ஆராய்வதே அவரது உத்தியோகம். இனிப்பை மறைக்கும் பொருளைப் பிரித்தெடுத்து அதற்குச் சிம்னீமிக் அமிலம் என்று பெயரிட்டார். ஒரே பொருளன்று, ஓரினத்தைச் சேர்ந்த பல பொருள்களின் கூட்டமே அது என்பது பின்னர் தெளிவாயிற்று.

கலேகின் பிரித்தெடுக்கப்பட்டது 1914 ஆம் ஆண்டில். சிம்னீமிக் அமிலம் பிரித்தெடுக்கப்பட்டது அதற்கு இருபத்தேழு ஆண்டுகள் முன்னர். ஓட்டப் பந்தயத்திலே நம் கொடியே முதலிற் புறப்பட்டது!

ஆயினும் பின்பு நடை தளர்ந்தது. 1928 ஆம் ஆண்டிலே கல்கத்தாவிற் சோப்ராவும் அவரது குழுவினரும், 1930 ஆம் ஆண்டிலே மஸ்கார், காயசு என்னும் இருவரும் இவ்விலையை ஆராய்ந்து எழுதினர். அக்கால ஆய்வுகளின் முடிவுகள் ஒன்றோடொன்று ஒத்துவரவில்லை. இன்சுலின் வந்துவிட்ட காலமாதலால், இலையைத் தொடர்ந்து ஆராய்வார் குறைந்தனர்.

அறுபது ஆண்டுகள் சென்றபின், சென்னைப் பல்கலைக்கழகத்திலே சண்முகசுந்தரம் அவர்களின் தலைமையில் நடந்த ஆய்வு 1990 ஆம் ஆண்டிலே வெளிவந்தது. இரண்டாம் வகை நீரிழிவாளர் 22 பேருக்கு, அவர்கள் உட்கொண்டு வந்த குளிகைகளோடு, நாளொன்றுக்கு 400 மில்லிகிராம் வீதம் இலையின் வடிசாரத்தைப் பதினெட்டு முதல் இருபது மாதங்கள் வரை கொடுத்தனர். இரத்தச் சீனி குறைந்தது; குளிகையின் அளவைக் குறைக்க முடிந்தது; ஐவர் குளிகையை முற்றாக நிறுத்திவிட்டு வடிசாரத்தோடு மட்டும் இருக்க முடிந்தது. இன்சுலின் ஏற்றிவந்த முதலாம் வகையார் 27 பேரிடமும் இன்சுலினின் தேவை குறைந்ததெனக் கண்டனர்.

இந்த ஆய்வு நமக்குப் பெருமை தருவதே. எனினும் பெருமையோடு நின்றுவிடுதல் கூடாது. 22 பேர் என்பது சிறு தொகை. நோயாளரைக் குலுக்கல் முறையிலே இரு கூறாக்கி, ஒரு கூறுக்குப் போலி மருந்து கொடுத்து, யாருக்கு எது கிடைத்ததென்று மருத்துவருக்கும் தெரியாமல் வைத்து ஒப்பிட்ட ஆய்வும் அன்று. அது விதைத்த விதையை ஆயிரக்கணக்கானோரிடம் பல்லாண்டு சோதித்து அறுவடை செய்தவர் இல்லை.

இலை நாவிலே செய்யும் வேலையை மட்டும் யப்பானிய அறிஞர்கள் நன்கு ஆராய்ந்தனர். நாவிலே இனிப்பை உணரும் வாங்கிகளோடு சிம்னீமிக் அமிலம் போய் ஒட்டிக்கொள்வதை அவர்கள் 2014 ஆம் ஆண்டிலே விளக்கினர். குர்மாரின் என்னும் புரதப் பொருளொன்றும் இவ்விலையிலே கண்டெடுக்கப்பட்டது. அது எலிகளின் நாவிலே இனிப்பை மறைக்கும். மனிதரின் நாவிலே மறைக்காது. விலங்கிலே கண்டதை மனிதனுக்கு அப்படியே பொருத்துதல் தவறென்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு வேண்டியதில்லை.

வேறுபாடு எங்கே?

ஒன்று குளிகையாகவும் மற்றையது வறையாகவும் நின்றமைக்கு இலையின் ஆற்றல் மட்டும் காரணமன்று. யாம் காணும் காரணங்கள் மூன்று.

முதலாவது, பெயர்க் குழப்பம். குறிஞ்சா என்ற பெயரால் ஒன்றுக்கு மேற்பட்ட கொடிகள் நம்மிடையே வழங்குகின்றன. சிறுகுறிஞ்சா வேறு, பெருங்குறிஞ்சா வேறு. சந்தையிலே கட்டுக்கட்டாக விற்கும் இலை எது என்று கேட்டால், விற்பவருக்கும் தெளிவில்லை, வாங்குபவருக்கும் தெளிவில்லை. எந்த இலை என்று உறுதியாகத் தெரியாதபோது அதன் பலனை எவ்வாறு உறுதியாகக் கூறமுடியும்?

இரண்டாவது, அளவு. 400 மில்லிகிராம் வடிசாரம் என்பது 400 மில்லிகிராம் இலையன்று. பெருந்தொகை இலையை வடித்துச் சுருக்கிய சாரம். நம் வீட்டிலே வறைக்கு ஒரு பிடி, சாற்றுக்கு ஒரு கை, தேநீருக்கு ஒரு சிட்டிகை என்று அளக்கின்றோம். மழைக்காலத்து இலையும் கோடைக்காலத்து இலையும் ஒன்றாகா. பழைய பரிகாரியார் இவற்றையெல்லாம் கைப்பழக்கத்தாற் கணித்தனர். அக்கணிப்பு அவரோடு சென்றது. இலை மட்டும் நமக்கு மிஞ்சியது.

மூன்றாவது, மறைவு. மேனாட்டார் தம் வெற்றியை மட்டுமன்றித் தோல்வியையும் அச்சிலே வெளியிட்டனர். கார்சியா எழுதியதை ஸ்ரேண் படித்தார். அதனாலேயே மருந்து பிறந்தது. நம் நாட்டிலே கைகண்ட மருந்து என்றால் அது பரம்பரை இரகசியம். தந்தை மகனுக்குச் சொன்னார். மகன் இல்லாதவர் எவருக்கும் சொல்லவில்லை. கொடுத்தும் குணமாகாத நோயாளியைப் பற்றி எந்த ஏட்டிலும் குறிப்பில்லை. தோல்வியை எழுதாத கலை வளர்வது அரிது.

இதிலே நம் முன்னோரை மட்டும் குறை கூறுதல் நீதியன்று. ஹூப்பரின் இலையை அவருக்குப் பின் தொடர்ந்து ஆராயப் பொருள் கொடுப்பார் இருக்கவில்லை. அடிமைப்பட்ட நாட்டிலே எந்த மருந்தை ஆராய்வது என்பதையும் ஆள்வோரே தீர்மானித்தனர். கொயினாவுக்கு உத்தியோகத்தர் இருந்தார், குறிஞ்சாவுக்கு இல்லை.

மிசன் பாடசாலையிலே கற்ற எமக்கு இதில் இன்னொரு நினைவும் எழுகின்றது. எட்ஜ்வேர்த்தின் செய்தி இலண்டனுக்கு எட்டிய அதே 1847 ஆம் ஆண்டிலேதான் அமெரிக்க மிசன் வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன் யாழ்ப்பாணத்திலே வந்திறங்கினார். மானிப்பாயிலிருந்து அவர் ஆற்றிய பணி பெரிது. இரணவைத்தியம், கெமிஸ்தம் முதலிய மேனாட்டு மருத்துவ, விஞ்ஞான நூல்களைத் தமிழிலே ஆக்குவித்துத் தமிழிலேயே மாணாக்கரைப் பயிற்றினார். தமிழாலே விஞ்ஞானம் சொல்ல இயலாது என்று இன்றும் கூறுவார்க்கு அவர் அன்றே விடை கொடுத்துவிட்டார். ஆயினும் பரிகாரியாரின் ஏடும் டாக்குத்தரின் புத்தகமும் ஒரே மேசையிலே விரிக்கப்பட்டு ஒப்புநோக்கப்பட்ட வாய்ப்பு நம் நாட்டிலே அரிதாகவே கிட்டியது. இரண்டும் இரு வீதிகளிலே நடந்தன. நோயாளி மட்டும் இரு வீதிக்கும் மாறி மாறி அலைந்தான்.

பருத்த உடலும் இலையும்

உடற்பருமனைக் குறைக்கும் என்று சொல்லிப் பல இலைச்சாரங்கள் இன்று அழகிய புட்டிகளிலே விலையாகின்றன. இவற்றைப் பற்றியும் சில சொல்லுதல் வேண்டும்.

ஐரோப்பியரின் அச்செடியை உணவோடு சேர்த்துக் கொடுத்தபோது எலிகள் மெலிந்தன என 1999 ஆம் ஆண்டிலே ஓர் ஆய்வு கண்டது. அதனாலே மனிதர் அச்செடியை உண்ணலாம் என்பது பொருளன்று; ஆடுகளைக் கொன்ற செடி அது. நம் சிறுகுறிஞ்சாவோ வேறு வழியிலே துணை செய்யக்கூடும். இனிப்புத் தெரியாத நாவுக்கு இனிப்பின் மேல் ஆசை குறையும். இலையை மென்றவர் அப்போதைக்குப் பலகாரத்தைக் குறைத்து உண்பர். ஆயினும் அரைமணி கழிந்தால் நாவு மீளும், ஆசையும் மீளும். மனத்தைக் கட்டாதவனுக்கு நாவைக் கட்டிய இலை எத்தனை நாள் உதவும்? வேறு பல பொருள்களோடு கலந்து இலைச்சாரத்தைக் கொடுத்து எடை குறைந்தது என்று காட்டும் ஆய்வுகளும் உள. கலவையிலே எதனாற் குறைந்தது என்று யாராற் சொல்லமுடியும்?

இலைதானே, கெடுதி செய்யாது என்று எண்ணுதலும் பிழை. சிறுகுறிஞ்சாவை மருந்தாக உட்கொண்ட நீரிழிவாளர் ஒருவருக்கு ஈரலழற்சி ஏற்பட்ட செய்தி 2010 ஆம் ஆண்டிலே மருத்துவ ஏடொன்றில் வெளிவந்தது. அது அரிய நிகழ்ச்சியே; ஆயினும் நிகழ்ந்தது. அதைவிட அடிக்கடி நிகழக்கூடியது ஒன்றுண்டு. குளிகையோ இன்சுலினோ எடுப்பவர், வைத்தியருக்குச் சொல்லாமல் வடிசாரத்தையும் சேர்த்து எடுத்தால், இரத்தச் சீனி அளவு மீறித் தாழ்ந்து மயங்கி விழக்கூடும். அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்ற பழமொழி நீரிழிவாளருக்கென்றே எழுந்தது போலும்.

நல்ல முறையிலே சோதிப்பது எவ்வாறு என்பதற்கு நம் நாட்டிலேயே எடுத்துக்காட்டுண்டு. கொவ்வை இலையை நாம் அறிவோம். சிங்கள மக்கள் கொவக்கா என்று சமைப்பர். இலங்கை ஆய்வாளர் சிலர் 2011 ஆம் ஆண்டிலே வெளியிட்ட ஆய்விலே, நோயற்ற 61 பேரை இரு கூறாக்கி, ஒரு கூறினரின் உணவிலே 20 கிராம் கொவ்வை இலையைத் தேங்காய்ப்பூவும் உப்பும் கலந்து சேர்த்தனர். பின்னர் குளூக்கோசு நீரைப் பருகச் செய்து இரத்தத்தைச் சோதித்தனர். இலை உண்டவரின் இரத்தச் சீனி குறைவாயிருந்தது. நம் தாய்மார் செய்யும் அதே பாகம். ஆனால் நிறுத்து, அளந்து, ஒப்பிட்டு, எழுதி வைத்தனர். வேண்டுவது இதுவே. நோயற்றவரிலே கண்ட பலனை நோயாளரிலே நெடுங்காலம் சோதித்தல் அடுத்த படி.

செய்யவேண்டியன

வரலாறு கூறுவது யாது? இலையிலே பொருள் உண்டு. ஆனால் இலையே மருந்தாகிவிடாது. ஐரோப்பியச் செடி மருந்துக்கு வழிகாட்டியது, அதனைப் போற்றியதனாலன்று, அதனை ஐயுற்றதனாலே. ஐயுறுதல் அவமதிப்பன்று, ஒரு பொருளை உண்மையாக மதிப்பவனே அதனைச் சோதிப்பான்.

வாலிபராகிய நாம் செய்யத்தக்கவை சில உண்டு. நம் ஊர்களிலே எஞ்சியிருக்கும் பரிகாரியாரிடமும் மூதாட்டியரிடமும் சென்று, எந்த இலை, எந்தக் காலத்திலே பறித்தது, எவ்வளவு, எதனோடு, எத்தனை நாள் என்று கேட்டு எழுதி வைத்தல் முதற்கடமை. பலித்ததை மட்டுமன்றிப் பலியாததையும் எழுதவேண்டும். எழுதும்போது இலையையும் பூவையும் காயையும் காகிதத்திடையே உலர்த்திச் சேர்த்து வைத்தால், பின்னொருநாள் பெயர்க் குழப்பம் தீரும். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்திலும், கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகத்திலும் சித்த மருத்துவம் பட்டப்படிப்பாகப் பயிற்றப்படுகின்றது. விஞ்ஞான பீடத்து மாணவரும் மருத்துவ பீடத்து மாணவரும் சித்த மருத்துவ மாணவரும் ஒரே மேசையிலே கூடி அமர்வதற்குத் தடை ஏதும் இன்று இல்லை. நம் தாத்தாமார்க்குக் கிட்டாத வாய்ப்பு நமக்குக் கிட்டியிருக்கின்றது.

பெரியோர்களிடம் ஒரு வேண்டுகோள். குறிஞ்சா வறையும் கொவ்வையிலைச் சுண்டலும் குரக்கன் பிட்டும் உண்ணுங்கள், அவை நல்லுணவுகள். உணவுக்கு முன்னும் பின்னும் நடவுங்கள். ஆனால் வைத்தியர் தந்த குளிகையையும் ஊசியையும் நீங்களாக நிறுத்தாதீர்கள். இலைச்சாறு எடுப்பதாயின் அதனை வைத்தியருக்கு மறைக்காதீர்கள். அவர் கோபித்தாலும் சொல்லுங்கள். இரத்தத்தைக் காலந்தோறும் சோதித்து ஒரு கொப்பியிலே எழுதி வையுங்கள். உங்களுக்குத் தெரிந்த கைமருந்துகளை உங்களோடு கொண்டுபோகாமல் பிள்ளைகளுக்குச் சொல்லி வையுங்கள். உங்கள் கொப்பியும் உங்கள் சொல்லுமே நாளைய ஆராய்ச்சியின் முதல் ஏடுகளாகும்.

1887 ஆம் ஆண்டிலே புறப்பட்ட நம் கொடி இன்னும் பாதி வழியிலேயே நிற்கின்றது. அதனை மேலே நடத்திச் செல்வதற்கு வெளிநாட்டிலிருந்து எவரும் வரவேண்டியதில்லை. இலையும் நம்மிடம் உண்டு, நோயும் நம்மிடம் உண்டு, கல்வியும் இன்று நம்மிடம் உண்டு. வேண்டியது பொறுமையும் அளவுகோலுமே.